பழைய கேசட்டும் புது கார்ட்டூனும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "முதல் நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு காலத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு வரைந்தேன் என்பார்கள். நானும் அதைத்தான் வரைந்தேன். இன்று கேட்டால், "என் போட்டோவை ஜப்பான் கார்ட்டூன் ஆக்கினேன்" என்கிறார்கள். 2025 மார்ச் மாதக் கடைசியில் சாட்ஜிபிடியில் புதிய படம் வரையும் வசதி தரப்பட்டபோது, ஜிப்லி ஸ்டூடியோ பாணியில் தன் முகத்தை மாற்றிப் பார்க்காத ஆளே இல்லை என்னும் அளவுக்குக் கூட்டம் மொய்த்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பேரனை விட்டு பாஸ்வேர்டு போடச் சொல்லும் பெரியப்பா கூட கார்ட்டூன் ஆகிவிட்டார்.

போட்டோ பழசாகிவிட்டது. இப்போது எல்லோரும் கேட்பது வீடியோ. அதிலும் 1980களில் வந்த ஜப்பான் டிவி கார்ட்டூன் போல ஒரு பாட்டு வீடியோ. நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும். பிலிம் கீறல் தெரிய வேண்டும். படம் அகலமாக இல்லாமல் பழைய டிவி போல 4:3 அளவில் இருக்க வேண்டும். சாப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்பதால் எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்கிறார்கள். (பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். அது வேறு கதை.) என் பதில் இதுதான். தாராளமாகச் செய்யுங்கள். படத்துக்கு ஏஐ-யைக் கேளுங்கள். குரல் என்று வந்தால் மட்டும், ஏஐ-யைக் கேட்பதற்கு முன்னால் ஆட்களைக் கேளுங்கள். இதை நான் எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஆச்சி வீடு ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் இடையில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. ஆறு வீட்டுக்குள் வந்தது. ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியவர்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை விட்டுவிட்டார்கள். அதில்தான் தாத்தாவின் கேசட்டுகள் இருந்தன. மொத்தம் 11. தண்ணீர் வடிந்த பிறகு சேறும் சகதியுமாக எடுத்ததில் ஒன்றே ஒன்றுதான் தேறும்போல இருந்தது.

தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். நெல்லை, குமரிப் பக்கத்துக்காரர்களுக்கு வில்லுப்பாட்டு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பெரிய வில் ஒன்றை மண்குடத்தின் மேல் சாய்த்துக் கட்டி, அதில் மணிகளைத் தொங்கவிட்டு, வீசுகோலால் நாணை அடித்துக்கொண்டே கதை பாடுவார்கள். உடுக்கை, ஜால்ரா, கட்டை உடன் வரும். தலைமைப் பாடகரை அண்ணாவி என்று அழைப்பது உண்டு. 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர்தான். எங்கள் ஊர்க் குழுவுக்கு அந்த மாதிரிப் பேரும் புகழும் கிடையாது. கோயில் கொடைகளுக்குப் போவார்கள், விடிய விடியப் பாடுவார்கள், வருவார்கள். 1994-ல் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் பாடியதை மாமா டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தார். பாடியவர் பக்கத்து ஊர் அண்ணாவி. அவரும் தாத்தாவும் இப்போது இல்லை. பிழைத்த கேசட் அதுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஈரமான கேசட் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஆர்வத்தில் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைக்கவும் கூடாது. சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில் நாள் கணக்கில் உலரவிட வேண்டும். பிறகு ஸ்குரூ வைத்த வேறொரு கேசட்டின் கூட்டில் நாடாவை மாற்ற வேண்டும். ஒரே தடவைதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஒரு தடவையிலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட வேண்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்னால் இளநீல நிறத்தில் இருக்கும் துளைக்கு லைன்-இன் என்று பெயர். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து அதில் செருகினால் போதும். லேப்டாப்பில் பெரும்பாலும் இந்தத் துளை இருக்காது. யுஎஸ்பி-யில் செருகும் சிறிய ஆடியோ அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைலை எம்பி3 ஆக இல்லாமல் வேவ் பைலாகச் சேமியுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால் 300 எம்பி. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒன்றுமே இல்லை.

எங்கள் கேசட்டில் ஒரு பக்கம் ஓடியது. இரைச்சல் இருந்தாலும் அண்ணாவியின் குரல் கேட்டது. குடச் சத்தம் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் நாடா சுருங்கிப்போய் 40 விநாடி அளவுக்கு ஒன்றுமே இல்லை.

இனிதான் சித்தி மகன் வருகிறான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். புது கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. "அண்ணே, இந்தப் பாட்டுக்குப் பழைய அனிமே மாதிரி ஒரு வீடியோ போடுவோம். ஏஐ-யில ஒரு ராத்திரி வேலை" என்றான். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது எனக்குப் பத்து வயது. கார்ட்டூன் என்றதும் எனக்கும் கை பரபரத்தது. உட்கார்ந்தோம்.

ஒரு ராத்திரி வேலை இல்லை. கணக்குப் பார்த்தாலே தெரியும். சினிமா பிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். எல்லாப் பிரேமுக்கும் தனித்தனியாக வரைந்தால் செலவு தாங்காது என்பதால், 1963-ல் ஜப்பானில் ஆஸ்ட்ரோ பாய் தொடரைத் தொடங்கிய ஒசாமு தெசூகா ஒரே ஓவியத்தை மூன்று பிரேமுக்கு வைக்கும் சிக்கன முறையைக் கையாண்டார். விநாடிக்கு 8 ஓவியம். முகம் அப்படியே இருக்க வாய் மட்டும் அசையும். ஆள் நிற்க, பின்னணி மட்டும் நகரும். ஓவியங்களைக் கண்ணாடி போன்ற ஷீட்டில் வரைந்து பெயிண்ட் அடித்துப் படம் பிடிப்பார்கள். நாம் இன்று 'பழைய அனிமே' என்று ரசிக்கிற அந்த வெட்டி வெட்டி நகரும் அழகு, பணம் இல்லாத குறையிலிருந்து வந்ததுதான். இப்படிச் சிக்கனமாக வரைந்தாலும் எங்கள் நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,920 ஓவியங்கள் வேண்டும். சிக்கனம் பார்க்காதவர்கள் கதை வேறு. ஜிப்லி ஸ்டூடியோவின் 'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்தில், கூட்டம் நகரும் 4 விநாடிக் காட்சி ஒன்றை வரைய ஓர் ஓவியருக்கு ஓர் ஆண்டும் மூன்று மாதமும் ஆனது.

ஏஐ இதைச் சுருக்கிவிடுகிறது, உண்மைதான். வீடியோ தரும் ஏஐ தளங்கள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 5 முதல் 10 விநாடித் துண்டுதான் தருகின்றன. ஐந்து ஐந்து விநாடியாக எடுத்தால் நான்கு நிமிடத்துக்கு 48 துண்டு. ஒன்றாவது முதல் தடவையிலேயே சரியாக வருமா? எங்களுக்கு ஒரு துண்டுக்குச் சராசரியாக நான்கு முயற்சி தேவைப்பட்டது. முதல் துண்டில் வேட்டி கட்டியிருந்தவர் இரண்டாவது துண்டில் பேண்ட் போட்டிருந்தார். இதற்கு ஒரு வழி உண்டு. நேரடியாக வீடியோ கேட்காமல், முதலில் ஒரு படத்தை வரைய வைத்து, அது திருப்தியாக வந்த பிறகு அந்தப் படத்தைக் கொடுத்து அசைக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டின் கடைசிப் பிரேமை அடுத்த துண்டின் முதல் படமாகக் கொடுங்கள். ஆள் மாறாமல் இருப்பார்.

இன்னொன்று. ஏஐ தரும் அசைவு எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு ஓடும். பழைய கார்ட்டூன் அப்படி ஓடாது. துண்டுகளை ஷாட்கட் போன்ற இலவச எடிட்டிங் புரோகிராமில் போட்டு, விநாடிக்கு 8 படமாகக் குறைத்துப் பாருங்கள். அந்த நிமிடமே நாற்பது வயது கூடிவிடும். பிலிம் கீறல், மங்கல் எல்லாம் அதற்குப் பிறகு தூவும் உப்பு, மிளகுதான்.

ஆனால் எங்களை அதிகம் அலைக்கழித்தது அசைவு இல்லை. ஆறு. "ஆற்றங்கரையில் ஒரு கிராமம், பழைய அனிமே பாணியில்" என்று கேட்டோம். அழகான படம் வந்தது. ஆற்றின் இரு பக்கமும் இளஞ்சிவப்புப் பூ பூத்த மரங்கள். மரப்பாலம். தூரத்தில் ஜப்பான் கோயில் வாசல். ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எந்த ஊரு ஆறுய்யா இது?" என்றாள். தாமிரபரணி என்று பெயர் போட்டுக் கேட்டோம். பூ போய்விட்டது, காசி மாதிரி ஒரு படித்துறை வந்தது. வில்லுப்பாட்டு என்று கேட்டோம். ராமர் போல அம்பு எய்கிற ஒருவர் வந்தார். நரம்புக் கருவியின் வில், பக்கத்தில் மண்குடம் என்று விளக்கமாகக் கேட்டதற்கு ஒரு பெண் வீணை மாதிரி ஏதோ வாசிக்க, பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைத்திருந்தது. சுடலைமாடனைக் கேட்டதற்கு வந்தவர் கையில் ஜப்பான் வாள். சித்தி மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இது அந்தப் புரோகிராமின் குற்றம் இல்லை. ஏஐ எதையும் யோசித்து வரைவதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் கீழே இருந்த விளக்கங்களையும் பார்த்துப் பழகி, எந்தச் சொல்லுக்கு எந்த மாதிரி உருவம் அதிகம் வந்தது என்பதை வைத்து வரைகிறது. 'அனிமே', 'ஆறு' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தால் ஜப்பான் ஆறுதான் அதிகம் இருந்திருக்கும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிற ஆற்றை, அதன் கரையில் நிற்கும் மருத மரத்தை, ஏரல் பக்கத்து வாழைத்தோட்டத்தை எத்தனை பேர் போட்டோ எடுத்து விளக்கம் எழுதி இண்டர்நெட்டில் போட்டிருப்போம்? நாம் போடாததை அது எங்கிருந்து வரையும்?

எனவே நாமே கொடுக்க வேண்டும். மறுநாள் காலை கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினோம். படித்துறை, மருத மரம், கோயில் முன்னால் இருக்கும் மண் பீடம், வாழை, பனை எல்லாவற்றையும் எடுத்தோம். வில்லும் குடமும் இருந்த ஒரே பழைய போட்டோவை ஸ்கேன் செய்தோம். அந்தப் போட்டோக்களைக் கொடுத்து, "இதையே செல் ஷீட்டில் பெயிண்ட் அடித்ததுபோல, நிழல் இரண்டே அடுக்காக, 4:3 அளவில் வரைந்து கொடு" என்று கேட்டபோதுதான் எங்கள் ஊர் வந்தது. கவனியுங்கள், எந்த ஸ்டூடியோவின் பெயரையும் சொல்லவில்லை. 2016-ல் ஜப்பானின் என்எச்கே டிவி காட்டிய ஆவணப்படத்தில், கம்ப்யூட்டர் தானாக அசைத்துக் காட்டிய ஓர் உருவத்தைப் பார்த்த மியாசாகி அதை உயிருக்கே செய்யும் அவமதிப்பாகக் கருதுவதாக முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் பெயரைச் சொல்லியே அவர் பாணியைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, பெயரைச் சொல்வதைவிட வேலை முறையைச் சொன்னால் படம் நன்றாகவே வருகிறது.

நம் கதையை அனிமேயில் பார்க்க ஆசைப்படுவது தவறே இல்லை. யூகோ சாகோ என்ற ஜப்பானியர், நம் நாட்டு ராம் மோகனுடன் சேர்ந்து ராமாயணத்தை முழுநீள அனிமே படமாக எடுத்தார். 1990களின் தொடக்கத்தில் வந்த படம். ஏறத்தாழ ஒரு லட்சம் ஓவியங்களைக் கையால் வரைந்தார்கள். 2025 ஜனவரி 24-ல் அதைத் தமிழிலும் பேச வைத்து நம் தியேட்டர்களில் மறுபடி வெளியிட்டார்கள். ஜப்பான் ஓவியமும் நம் கதையும் ஒட்டுமா என்று சந்தேகப்படுபவர்கள் அதைப் பார்க்கலாம். இரண்டு நாட்டுக் கலைஞர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ததால்தான் ஒட்டியது என்பது என் எண்ணம்.

படம் ஒருவழியாக முடிந்தது. பாக்கி அந்த 40 விநாடி. எட்டுத் துண்டு வெறுமையாக நின்றது.

"அதுக்கென்ன அண்ணே, அண்ணாவி குரல் 29 நிமிஷத்துக்கு நம்மகிட்ட இருக்கு. குரலை குளோன் பண்ணி அந்த இடத்தைப் பாட வச்சிடலாம்" என்றான் சித்தி மகன். செய்ய முடியும் என்பதுதான் விஷயம். சில நிமிடப் பதிவு இருந்தாலே ஒருவர் குரலை அச்சாக எடுத்துவிடும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேறொருவர் பாடியதை இந்தக் குரலுக்கு மாற்றலாம். எழுதிக் கொடுத்ததைப் பாட வைக்கலாம். அன்று இரவே அவன் பாதி வேலையை முடித்திருப்பான். நான்தான் "பொறுடா" என்றேன்.

எனக்கு ஞாபகம் வந்தது சினிமா. 2024-ல் வெளியான லால் சலாம் படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் ஏஐ மூலம் மறுபடி ஒலிக்க வைத்தார். எதிர்ப்பு வந்தபோது, இருவரின் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்திருப்பதாக அவரே அறிவித்தார். அதே ஆண்டில் கோட் படத்தில் மறைந்த பவதாரிணியின் குரலை அவருடைய தம்பி யுவன்சங்கர் ராஜாவே கொண்டுவந்தார். ஆனால் கீடா கோலா என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தைக் கேட்கவில்லை என்று அவருடைய மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் மூன்றிலும் ஒன்றேதான். கேட்டார்களா என்பதில்தான் வேறுபாடு.

"அவங்க சினிமாக்காரங்க, இது நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கும் சொந்தம் இல்லையே" என்று நீங்கள் நினைக்கலாம். சித்தி மகனும் அதைத்தான் கேட்டான். கதை ஊருக்குச் சொந்தம். பாடிய குரல் பாடியவருக்குச் சொந்தம். நமது 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவர், இசை அமைத்தவர் தவிர, நிகழ்த்திய கலைஞருக்கும் தனி உரிமை தரப்பட்டுள்ளது. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். 1994-ல் எங்கள் கோயிலில் பாடிய அண்ணாவியும் நிகழ்த்திய கலைஞர்தான். பாடியதைச் சிதைத்தோ திரித்தோ அவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையும் உண்டு. மாமாதான் டேப் ரெக்கார்டரை அமுக்கினார் என்பதால் குரல் மாமாவுடையது ஆகிவிடாது. சினிமாப் பாட்டைப் போட்டு வீடியோ செய்ய நினைப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. யூடியூப்பில் ஏற்றிய உடனேயே அங்குள்ள கம்ப்யூட்டர் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். 2025-ல் குட் பேட் அக்லி படத்தையே இளையராஜா உயர் நீதிமன்றம் வரை இழுத்துவிட்டார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஏஐ மூலம் செய்த வீடியோ நிஜம்போல இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று 2024-லிருந்து யூடியூப் கேட்கிறது. கார்ட்டூன் என்று பார்த்தாலே தெரிகிற படத்துக்கு அது தேவையில்லை. அதாவது, படம் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். கார்ட்டூனுக்கு அடியில் ஓடுகிற குரலும் பொய் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கார்ட்டூனில் கேட்கும் குரலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இன்னும் 20 ஆண்டு கழித்து எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதைக் கேட்டு, அண்ணாவி இப்படித்தான் பாடினார் என்று படித்துக்கொள்வான். பதினொரு கேசட்டில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. ஒத்துப் பார்க்க வேறு ஒன்று கிடையாது. எனக்குச் சட்டத்தைவிட இதுதான் பயமாக இருந்தது.

அண்ணாவியின் மகன் மினி பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் பதிவைப் போட்டுக் காட்டினோம். இரைச்சல் நீக்கிய பதிவு. அவர் வீட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு கார்ட்டூனைக் காட்டினோம். "அப்பாவுக்கு மீசை இவ்வளவு பெருசா இருக்காது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சித்தி மகன் மெதுவாக அந்த 40 விநாடி விஷயத்தைச் சொன்னான்.

"அந்த எடத்துல அப்பா என்ன பாடினாருன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாது அண்ணாச்சி."

"பொறவு என்னத்தைப் பாட வைப்பீக?"

மற்ற கொடைகளில் பாடிய பாட்டுப் புத்தகம் ஏதாவது இருக்கும், அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஏஐ பாடிவிடும் என்று இவன் விளக்கினான். அவர் முன்னால் உள்ள பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். வெற்றிடம் வந்ததும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மறுபடி பாட்டு தொடங்கும் இடத்தில் சரியாக நிறுத்தினார்.

"இது சாமி வேட்டைக்குக் கெளம்புத எடம். இங்க பாட்டே கெடையாது. சாமி ஆடிக்கிட்டு இருக்கும்போது யாரு பாடுவா? வில்லும் கொடமும் உடுக்கையும் மட்டுந்தான். அடி வேகமா வரும். சாமி கெளம்பின பொறவுதான் அப்பா வாயத் தெறப்பாரு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டே இல்லாத இடத்தில், அவர் பாடாத பாட்டை, அவர் குரலிலேயே பாட வைக்க இருந்தோம். வந்திருந்தால் நன்றாகத்தான் வந்திருக்கும். தாளம் கூடப் பிசகியிருக்காது.

இருக்கிற பதிவைப் பயன்படுத்த அவர் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு நிபந்தனை சொன்னார். குரலை மாற்றக் கூடாது. "அப்பா பேரு மட்டும் போடாதீக. அஞ்சு பேரு இருந்தாங்க. அஞ்சு பேரு பேரும் போடுங்க." உடுக்கை அடித்தவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவர்தான் சொன்னார். பணம் வருமா என்று கேட்டார். இப்போதைக்கு வராது, வந்தால் ஐந்து பங்கு என்று சொன்னோம். சித்தி மகன் அதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு மாறிவிடும்.

கிளம்பும்போது இவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. கேசட்டின் வேறு இடத்தில் குடமும் வில்லும் மட்டும் தனியாக ஒலிக்கிற பகுதி ஒன்று இருக்கிறது. ஏஐ எதுவும் வேண்டாம். அதையே வெட்டி எடுத்து அந்த 40 விநாடியில் ஒட்டிவிட்டு, 'இந்தப் பகுதி வேறு இடத்திலிருந்து சேர்க்கப்பட்டது' என்று கீழே எழுத்தில் போட்டுவிடலாமா?

"போடலாம்" என்றார் அவர். "ஆனா கொடம் அடிச்சது உங்க தாத்தால்லா. அத என்கிட்ட ஏன் கேக்கீக? உங்க ஆச்சிகிட்ட கேளுங்க."

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கேட்டோம். ஆச்சிக்கு விஷயம் புரிய வெகு நேரம் பிடித்தது. எங்கிருந்து வெட்டுவோம், எங்கே ஒட்டுவோம் என்று ஆடாசிட்டியில் அலைபோல நெளிகிற கோட்டைக் காட்டி இவன் விளக்கினான். அவள் கோட்டைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் வரும்?" என்றாள்.

"நாப்பது செகண்டு ஆச்சி."

"நாப்பது செகண்டா! அந்த எடத்துல அவுக அரை மணி நேரம் அடிப்பாகளே" என்றாள். பிறகு, "சரி, போடுங்க" என்றாள்.